மோட்டார் கொட்டாயில் கிடந்த சரித்திரம்

போன மாசம் ஊரிலிருந்து பெரிய மாமா போன் செய்தார். "தாத்தாவோட பழைய மோட்டார் கொட்டாயை இடிக்கப் போறேன். உள்ள கிடக்கிற மொத்தத்தையும் காயலான் கடைக்காரர் இரும்பு விலைக்குக் கேக்குறாரு. நீதான் கரண்ட் படிக்கிறியே மாப்ள, எது என்னன்னு வந்து பாத்துச் சொல்லு" என்றார்.

மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரிகல் படிக்கிறவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? அடுத்த பஸ்ஸிலேயே சேத்தியாத்தோப்பு போய்விட்டேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. "இருபது வருஷமா ஓடல" என்பதற்கு "கரண்ட் இல்ல" என்று அர்த்தம் கிடையாது. கம்பத்திலிருந்து வந்த ஒயர் அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. லைன்மேனைக் கூப்பிட்டுக் கம்பத்திலேயே கழற்றச் சொன்ன பிறகுதான் உள்ளே கை வைத்தேன். டெஸ்டரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கெபாசிட்டர் டப்பா இருந்தால் உடைக்காதீர்கள். அந்தக் காலத்து சில கெபாசிட்டர்களில் ஊற்றிய எண்ணெய் விஷம்.

சரி, உள்ளே போவோம்.

முதலில் கண்ணில் பட்டது மெஷின் இல்லை, தரை. மோட்டார் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய சிமெண்ட் மேடை, அதில் நான்கு துருப்பிடித்த போல்ட்டுகள். எதிர்ச் சுவரில் கரி படிந்த ஓட்டை. ஆயில் இன்ஜின் இருந்த இடம் அது, ஓட்டை அதன் புகைக்குழாய்க்கு. கொட்டாய்க்கு வெளியே கிணற்று மேட்டில் இரண்டு கல் தூண்கள். அவை கவலை இறைத்த காலத்தவை. ஆக மாடு, இன்ஜின், மோட்டார் என மூன்று காலமும் பத்தடிக்குள் கிடந்தன.

அடுத்தது ஒயர். இப்போது போல பிளாஸ்டிக் உறை இல்லை. ரப்பரின் மேல் துணி பின்னி, மரச் சட்டத்தில் வரிசையாக அடித்த ஒயர். தொட்டால் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்கிறது. பி.வி.சி. ஒயர் பரவுவதற்கு முந்தைய வேலை இது.

மோட்டாரைச் சாக்குப் பையால் துடைத்ததும் பித்தளைத் தகடு தெரிந்தது. 5 ஹெச்.பி. என்று மட்டும்தான் இருந்தது, கிலோவாட் இல்லை. (இன்றைய கணக்கில் 3.7 கிலோவாட்.) "50 ஹெர்ட்ஸ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "50 சைக்கிள்ஸ்". ஹெர்ட்ஸ் என்ற பெயரை உலக அளவில் அலகாக ஏற்றது 1960ல். நம் ஊர்த் தகடுகளுக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது. உங்கள் வீட்டு மோட்டார் தகட்டில் ஐ.எஸ். எண்ணும் அதன் பின்னால் வருஷமும் இருந்தால் இன்னும் சுலபம். அந்த வருஷத்துக்கு முன்னால் அந்த மோட்டார் பிறந்திருக்காது.

சுவரில் கனமான இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் கைப்பிடி. அதுதான் ஆயில் ஸ்டார்ட்டர். உள்ளே தாமிரக் காண்டாக்ட்டுகள் எண்ணெயில் முங்கியிருக்கும், தீப்பொறி வந்தால் எண்ணெய் அணைத்துவிடும். முதலில் ஸ்டார், பிறகு டெல்டா. ஸ்டாரில் லைனிலிருந்து இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்குதான். கரண்ட் போனால் நோ-வோல்ட் காயில் பிடியை விட்டுவிடும், கைப்பிடி தானாகத் திரும்பிவிடும். நடு ராத்திரி கரண்ட் திரும்பும்போது மோட்டார் தானாக ஓடி யார் கையையும் இழுத்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

அதன் பக்கத்தில் மூன்று பீங்கான் பியூஸ் கேரியர்கள். பக்கத்து விருத்தாசலம் பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் மட்டுமல்ல, இந்த மாதிரி மின்சாதனப் பீங்கானுக்கும் பேர் போன ஊர். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே தோண்டி எடுக்கும் வெள்ளைக் களிமண் அந்தத் தொழிலுக்கு உதவியது. ஆனால் இந்த மூன்றின் அடியில் முத்திரை எதுவும் இல்லை. அதனால் அவை நம் மண்ணா என்று சொல்லமாட்டேன்.

இப்போது கொஞ்சம் சரித்திரம். சென்னை மாகாணத்தில் அரசு மின்துறை தொடங்கியது 1927ல். பைகாரா 1932, மேட்டூர் 1937. அதே 1937ல்தான் கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்தார்கள். நம் தென் ஆர்க்காடு பக்கம் விநியோகம் ஒரு தனியார் கம்பெனியிடம் இருந்தது. அப்படிப்பட்ட கம்பெனிகளை அரசு எடுத்துக்கொள்ள 1954ல் சட்டம் வந்தது, 1957ல் மின்வாரியம் பிறந்தது. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டப்போய்க் கறுப்பாக ஏதோ வந்த கதை தெரிந்ததுதான். அங்கே 1962ல் முதல் மின் யூனிட் ஓடியது.

கொட்டாய் என்ன சொல்கிறது என்று ஆயாவிடம் கேட்டேன். "நெய்வேலி கரண்ட்டு வந்தப்புறம்தான். உங்க பெரிய மாமன் தவழ்ந்துக்கிட்டு இருந்தான்" என்றார். மாமா பிறந்தது 1966. தகடும் ஒயரும் சொன்னதும் அதே காலம்தான்!

கடைசியாக மீட்டர். கண்ணாடிக்குள் அலுமினியத் தட்டு அசையாமல் நின்றிருந்தது. இந்தத் தட்டு சுற்றிய கணக்குக்காக நம் மாநிலத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. 1970ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையை மாட்டு வண்டிகள் முடக்கின. சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் 1984ல், எல்லா விவசாயிகளுக்கும் 1990ல். அதற்குப் பிறகு இந்த மீட்டரைப் படிக்க யாரும் வரவில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவருக்குப் பிடித்தது வேறு விஷயம். மோட்டார் சுற்றும் ஸ்டார்ட்டர் காண்டாக்ட்டும் தாமிரம், மொத்தத்தையும் இரும்பு விலைக்குக் கொடுப்பது ஏமாளித்தனம் என்றேன். காயலான் கடைக்காரரிடம் அவர் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டுமே! இன்னொன்றும் சொன்னேன். சுவரில் பெயிண்டில் எழுதிய சர்வீஸ் நம்பர் இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. விவசாய இணைப்புக்கு வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். பேர் மாற்றாமல் சுவரை இடிக்கலாமா? இடிப்பதைத் தள்ளிவைத்துவிட்டார்.

2023 ஜூலையில் பக்கத்து வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்காக நெற்பயிரோடு வயலில் கால்வாய் வெட்டியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நிலம் போனால் நஷ்ட ஈட்டுப் பேச்சில் சென்ட் கணக்கு வரும், மரக் கணக்கு வரும். கவலையிலிருந்து கரண்ட்டுக்கு ஒரு குடும்பம் வந்த கணக்கை யாரும் எழுத மாட்டார்கள். அது அந்தக் கொட்டாய்ச் சுவரில் மட்டும்தான் இருக்கிறது. நமக்குக் கரண்ட் கொடுத்த அந்தப் பழைய நெய்வேலி அனல்மின் நிலையமே 2020ல் மூடப்பட்டுவிட்டது.

மீட்டரையும், ஒரு பியூஸ் கேரியரையும், பித்தளைத் தகட்டையும் நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் மோட்டார் கொட்டாய் இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் தகட்டை ஒரு போட்டோ எடுங்கள். பக்கத்திலேயே ஆயாவையும் உட்கார வைத்துக் கேளுங்கள். தகடு வருஷத்தைச் சொல்லும். மீதியை ஆயா சொல்வார்.