அவசர எலும்பு அறுவையில் மயக்க முறைத் தேர்வு

எலும்பு முறிந்து வருபவரை முழுதாக உறங்க வைப்பதா, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வதா, அடிபட்ட கை அல்லது காலின் நரம்பை மட்டும் அடக்குவதா? இதைத் தீர்மானிப்பவர் மயக்கவியல் மருத்துவர். தேதி குறித்துச் செய்யும் அறுவைக்கு நோயாளி பட்டினி கிடந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்த பிறகே மேசைக்கு வருகிறார். அவசரத்தில் அந்த வசதி இல்லை. வயிறு நிறைந்திருக்கும், ரத்தம் போயிருக்கும், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

1846க்கு முன்பு தேர்வு என்ற பேச்சே இல்லை. கத்தியின் வேகம் ஒன்றுதான் கருணை. லண்டன் அறுவை மருத்துவர் ராபர்ட் லிஸ்டன் அந்த வேகத்துக்கே பேர்போனவர். 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் ஊரறியக் காட்டப்பட்டது. டிசம்பர் 21 அன்று அதே ஈதரைக் கொடுத்து லிஸ்டன் ஒருவரின் காலைத் தொடையோடு எடுத்தார். அடுத்த ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோபார்மைக் கொண்டுவந்தார். தீப்பற்றாது, சிறு புட்டியில் அடங்கும், சட்டென்று வேலை செய்யும் என்பதால் போர்க்களம் அதை வாரி அணைத்துக்கொண்டது. கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படையின் தலைமை மருத்துவர் ஜான் ஹால் மட்டும், குண்டடி பட்டுத் துவண்டவருக்கு அது ஆகாது என்று எச்சரித்தார். வலியே ஆளை உயிர்ப்புடன் வைக்கும் என்ற அவருடைய நம்பிக்கை தவறு. ஆனால் ரத்தம் இழந்த உடலுக்கு மயக்க மருந்து வேறு மாதிரி என்ற சந்தேகத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

குளோரோபார்ம் இதயத்தைத் திடீரென நிறுத்தக்கூடியது என்பதை உலகம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று. ஹைதராபாத் நிஜாமின் பணத்தில் 1888, 1889 ஆண்டுகளில் நடந்த இரண்டு ஆய்வுக் குழுக்கள், மூச்சைக் கவனித்தால் போதும் என்ற தவறான முடிவுக்கு வந்தன.

உறங்க வைக்காமலே அறுக்கும் வழி ஜெர்மனியின் கீல் நகரில் திறந்தது. 1898 ஆகஸ்ட் 16 அன்று ஆகஸ்ட் பியர், கணுக்காலில் காசநோய் பிடித்த ஒரு தொழிலாளியின் முதுகுத்தண்டு நீரில் கோக்கேன் செலுத்தி வலியின்றி அறுவை செய்தார். எட்டு நாள் கழித்துத் தன்னையே சோதனைக்குக் கொடுத்தார். உதவியாளர் ஹில்டபிராண்ட் ஊசியைச் சரியாகத்தான் இறக்கினார். மருந்துக்குழல் ஊசியில் பொருந்தாமல் தண்டுநீர் ஒழுகிப்போயிற்று. உடனே ஹில்டபிராண்ட் தன் முதுகைக் காட்டினார். மருந்து ஏறியதும் பியர் அவர் காலில் ஊசியால் குத்தினார், எரியும் சுருட்டால் சுட்டார், இரும்புச் சுத்தியலால் கணைக்கால் எலும்பில் ஓங்கி அடித்தார். எதுவும் வலிக்கவில்லை. அன்றிரவு இருவரும் மதுவோடு விருந்துண்டார்கள். மறுநாள் முதல் பியருக்கு எழுந்தால் தலைவலி. ஒன்பது நாள் படுக்கை. தண்டுநீர் கசிவதால் வரும் அந்தத் தலைவலி இன்றும் 'ஸ்பைனல்' எனப்படும் இந்த முதுகு ஊசியின் அறிந்த பக்கவிளைவு. மெல்லிய ஊசிகள் வந்த பிறகு பெருமளவு குறைந்துவிட்டது.

பியர் அதோடு நிற்கவில்லை. 1908இல் கையை இறுகக் கட்டி, கட்டுக்குக் கீழுள்ள ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் முறையையும் தந்தார். மணிக்கட்டு முறிவை இழுத்து நேராக்க இன்றும் பயன்படும் அதற்கு 'பியர் பிளாக்' என்றே பெயர். கட்டை முன்கூட்டி அவிழ்த்தால் மருந்து மொத்தமும் இதயத்துக்குப் பாயும் என்பதே அதன் ஆபத்து.

முழு மயக்கத்துக்கு 1934இல் தயோபென்டோன் வந்தது. ரத்தக்குழாயில் ஏற்றிய சில நொடிகளில் உறக்கம். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது இந்த மருந்தே பலரைக் கொன்றது என்றொரு கதை பரவியது. பின்னாளில் ஆவணங்களைப் புரட்டியவர்கள் அது பெரிதும் ஊதிய கதை என்றார்கள். கதை மிகையானாலும் பாடம் மெய்யானது: ரத்தம் இழந்தவருக்கு வழக்கமான அளவு ஆகாது. ஸ்பைனலும் அங்கே உதவாது. கால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் மேலும் சரியும்.

ஸ்பைனலுக்கும் சோதனைக்காலம் வந்தது. 1947இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் ஒரே நாளில் முதுகு ஊசி போட்டுக்கொண்ட இருவருக்குக் கால்கள் செயலிழந்தன. அவர்களில் ஒருவர் முழங்கால் குருத்தெலும்பு அறுவைக்கு வந்தவர். வழக்கில் மருத்துவர் மீது தவறில்லை என்று தீர்ப்பானது. ஆனாலும் பிரிட்டன் நெடுநாள் அந்த ஊசியைத் தொட அஞ்சியது.

முழு மயக்கத்தின் எமன் நிறைந்த வயிறு. உணவு நுரையீரலுக்குள் இறங்கினால் என்னவாகும் என்பதை 1946இல் மெண்டல்சன் விளக்கினார். தொண்டை வளையக் குருத்தெலும்பை அழுத்தி உணவுக்குழாயை மூடும் உத்தியை 1961இல் செல்லிக் சொன்னார். இதில் ஒரு நுட்பம் உண்டு. எலும்பு முறிந்த வலியிலும் அதற்குப் போடும் ஊசியிலும் இரைப்பை மந்தமாகிவிடும். ஆகவே சாப்பிட்டதிலிருந்து அறுவை வரை எத்தனை மணி என்பதைவிட, சாப்பிட்டதிலிருந்து விழுந்தது வரை எத்தனை மணி என்பதே முக்கியம்.

1970இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கெட்டமின் பழைய சிக்கல் ஒன்றைத் தளர்த்தியது. அது வலியை அடக்கும், ரத்த அழுத்தத்தைப் பெரும்பாலும் தாங்கிப் பிடிக்கும், மூச்சையும் அவ்வளவாக நிறுத்தாது. பெரிய கருவிகள் இல்லாத மருத்துவமனைகளுக்கு இதைவிடப் பெரிய வரம் இந்த வரலாற்றில் வந்ததில்லை. நரம்பை மட்டும் அடக்கும் முறையும் முன்னேறியது: 1994இல் வியன்னாவில் கப்ரால் குழுவினர் அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே காறையெலும்புக்கு மேலே நரம்புக்கற்றையில் மருந்து போட்டுக் காட்டினர். குத்துமதிப்பாகத் தேடிய நரம்பு கண்ணுக்கே தெரிந்தது.

இடுப்பு முறிந்த முதியவருக்கு எது நல்லது என்ற சர்ச்சைதான் இன்னும் சூடானது. முதுகு ஊசி போடவே அவரை உட்கார வைக்க வேண்டும், அல்லது ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்; முறிந்த எலும்போடு அது சித்திரவதை. அதனால் முதலில் தொடை நரம்பை மரக்கச் செய்துவிட்டுத் திருப்புகிறார்கள். ஸ்பைனல்தான் பாதுகாப்பு என்பது நெடுநாள் நம்பிக்கை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ரீகெய்ன் ஆய்வு அதை அசைத்தது. 60 நாளில் இறந்தோரும் தனியே நடக்க முடியாதோரும் சேர்ந்து ஸ்பைனலில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18 சதவீதம். சீனாவில் 950 முதியவர்களிடம் நடந்த ராகா ஆய்விலும் அறுவைக்குப் பின் வரும் மனக்குழப்பத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆகவே முறையைவிட ஆள் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு முதுகு ஊசியால் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டலாம். இதய வால்வு வெகுவாகச் சுருங்கியவருக்கு அழுத்தம் சட்டென்று சரிவது ஆபத்து. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியவருக்கு நரம்பை மொத்தமாக மரக்கச் செய்தால், தசைக்குள் அழுத்தம் ஏறுவதைக் காட்டிக்கொடுக்கும் வலி மறைந்துபோகும். கவனிக்கத் தவறினால் காலே போகலாம்.

நம்மூரில் பலரும் அஞ்சுவது வேறொன்றுக்கு: முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி என்பது. அதற்குச் சான்று இல்லை. விழுந்தவரை அழைத்துப் போகிறவர்கள் அவருடைய மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லட்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது விழுந்தார் என்பதையும் கேட்காமலே சொல்லட்டும்.