அலை எவ்வளவு தூரம் போகும்?

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "தாத்தா, இங்கே டவர் கிடைக்குமா?" என்பதுதான். மொட்டை மாடிக்கு ஏறினால் கிடைக்கிறது. கீழே இறங்கினால் போய்விடுகிறது. "கம்பெனிக்காரன் சரியில்லப்பா" என்று சொல்லி நாமும் முடித்துவிடுகிறோம். உண்மையில் இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே நூறாண்டு தாண்டிய ஒரு வரலாறு உண்டு.

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீஷ் சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவர் தாண்டிச் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார். தம் ஆய்வுகளில் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளையும் அவர் உருவாக்கினார். மார்க்கோனியோ நீண்ட அலைகளை நாடி, 1901-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி பெற்றதாக அறிவித்தார். முதல் பாடம் இதுவே: நீண்ட அலை தூரம் போகும், தடைகளைச் சுற்றி வளையும். அலை குறுகக் குறுக, சுவரும் மரமும் மழையும்கூட அதைத் தின்றுவிடும். ஆனால் குறுகிய அலைப் பகுதியில்தான் இடம் தாராளம். வேகமான இணையத்துக்கு அதுதான் வேண்டும்.

அடுத்த பாடம் சென்னையில். 1990-களில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 'கார்டெக்ட்' முறையை உருவாக்கினர். வீட்டுக்குள் புழங்கும் கம்பியில்லாத் தொலைபேசிக்காக ஐரோப்பாவில் வந்த டெக்ட் நுட்பமே அதன் அடிப்படை. சக்தி மிகக் குறைவு. இருந்தும் கூரைமேல் ஆண்டெனா வைத்து, இடையில் மறைப்பு இல்லாதபடி பார்த்துக்கொண்டால் 10 கி.மீ. எட்டியது, நடுவே ரிலே நிலையம் இருந்தால் 25 கி.மீ. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான். 2001-ல் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இணையம் வந்தது இந்த வழியில்தான்.

சக்தியைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. திறந்த வெளியிலேயே தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு சக்தி வேண்டும். கோபுரம் உரக்கக் கத்தினாலும், கையிலிருக்கும் சின்னக் கருவியின் பதில் அதற்குக் கேட்க வேண்டுமே! பூமியும் உருண்டை. 30 மீட்டர் கோபுரத்தின் ரேடியோ அடிவானம் சுமார் 22 கி.மீ.; அதை இரட்டிப்பாக்க உயரம் நான்கு மடங்காக வேண்டும். மொட்டை மாடி ரகசியம் இப்போது புரிகிறதல்லவா?

இன்னொரு தடை, காத்திருக்கும் நேரம். வைஃபை கருவி ஒரு துண்டுச் செய்தியை அனுப்பிவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்கு மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும். அது தொலைந்ததாக எண்ணி மறுபடி அனுப்பும். 2000-களின் தொடக்கத்தில் ஐ.ஐ.டி. கான்பூரின் 'டிஜிட்டல் கங்கைச் சமவெளி' திட்டம் உயர்ந்த கோபுரங்களையும் திசை ஆண்டெனாக்களையும் கொண்டு வைஃபையைக் கிராமங்களுக்கு இடையே ஓட்டிப் பார்த்தது. 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டுக்குள் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையில் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் வைஃபையின் மென்பொருளை நெடுந்தூரத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்திருந்தார்கள். கிராம மையத்தில் அமர்ந்த நோயாளியைத் தேனி மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார்.

கடைசித் தடை விலை. தூரம் போகும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை 2016 ஏலத்தில் யாரும் வாங்கவில்லை, விலை அப்படி. 2022-ல்தான் ஜியோ வாங்கியது. அதே ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸும் விற்றது. ஏறக்குறைய போஸ் விளையாடிய அலைகளின் குடும்பம் அது. வேகம் கொட்டும், தூரம் போகாது. நெருக்கமான நகரத்துக்கே லாபம்.

எல்லையை வகுப்பது இயற்கை. அந்த எல்லைக்குள் எந்த ஊருக்கு அலை போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பது மனிதர்கள். கார்டெக்டும் தேனியும் காட்டியது, கிராமத்தை முதலில் நினைத்தால் குறைந்த சக்தியும் நெடுந்தூரம் போகும் என்பதைத்தான். பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு இங்கே வாழும் நமக்கு இது வெறும் விஞ்ஞானமல்ல. அம்மாவின் குரல் நம் காதுக்கு எட்டுமா என்ற கேள்வி.