புது வண்டியும் உதறும் முன்சக்கரமும்



புதிய கார் ஒன்று வாங்குகிறோம். வங்கிக் கடனுக்குக் கையெழுத்திட்டு, கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, வீட்டுக்கு ஓட்டி வருகிறோம். ஒரு வாரம் போகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 90, 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் ஸ்டீரிங் கையில் நடுங்குகிறது. அல்லது, மாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரங்கள் தடதடவென்று தத்துகின்றன. விற்றவரிடம் போய்ச் சொன்னால், “புது வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்று பதில் வருகிறது. இப்பதிலில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை, இந்த நடுக்கத்தின் வரலாற்றைக் கொண்டே இன்று ஆராய்வோம்.

இந்த வரலாறு காருக்கும் முந்தியது. குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பும். மாட்டு வண்டிப் பழக்கம் உள்ள நமக்கு இதில் வியப்பில்லை எனத் தோன்றலாம். ஆனால் நான்கு சக்கர வண்டியைக் கூர்மையாகத் திருப்பினால் ஒரு முன்சக்கரம் வண்டியின் அடியில் புகுந்துவிடும், வண்டி சாயும். ஒரு சக்கரம் கல்லில் மோதினால் அச்சு முழுவதுமே வெட்டித் திரும்பும். இதற்கு மாற்றுக் கண்டவர் மியூனிக் நகரத்து வண்டி கட்டுநரான கேயார்க் லாங்கென்ஸ்பெர்கர். அச்சு அசையாமல் நிற்க, இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே திரும்புமாறு அவர் அமைத்தார். லண்டனில் அவருடைய முகவராக இருந்த ருடோல்ஃப் அக்கர்மன் என்பவர் 1818இல் தம் பெயரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் நிலைத்தது மற்றொருவருக்கு! இன்றும் பொறியியல் நூல்கள் அதனை அக்கர்மன் முறை என்றே சொல்கின்றன.

இம்முறையின் உட்கருத்து எளிதானது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது வலச்சக்கரம் சிறிய வட்டத்திலும் இடச்சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடவேண்டும். ஆகவே உட்சக்கரம் அதிகமாகவும் வெளிச்சக்கரம் குறைவாகவும் திரும்புதல் வேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஏதேனும் ஒரு சக்கரம் உருளாமல் தரையில் தேய்ந்து இழுபடும். 1873இல் பிரான்சு நாட்டு அமெதே பொல்லே தம் நீராவி வண்டியில் முன்சக்கரங்கள் தனித்தனியே திரும்பும்படி அமைத்து, அதற்குப் ‘பணிவுள்ளது’ என்ற பொருளில் பெயரும் இட்டார். 1878இல் ஷார்ல் ழாந்தோ இதற்குரிய வடிவக் கணக்கைத் தெளிவுபடுத்தினார். ஆயினும் கம்பிகளாலும் மூட்டுகளாலும் ஆன அந்த அமைப்பு எல்லாக் கோணங்களிலும் கணக்குக்குச் சரியாக நிற்பதில்லை. ஒரு கோணத்தில் சரியாக இருந்தால் இன்னொன்றில் சற்றே பிசகும். இச்சிறு பிசகை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; நூற்றைம்பது ஆண்டு கழித்து அது மீண்டும் தலைகாட்டப் போகிறது. காரின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் பென்ஸ்கூட 1886இல் காப்புரிமை பெற்ற தம் முதல் வண்டியை மூன்று சக்கரத்தோடுதான் அமைத்தார். நான்கு சக்கர வண்டியைச் செம்மையாகத் திருப்பும் வழியில் அவர் நிறைவு கண்டது 1893இல்தான்.

அடுத்து வந்தது காற்றடைத்த டயர். 1888இல் டன்லப் அதனைச் சைக்கிளுக்குச் செய்தார். 1895இல் மிஷ்லின் சகோதரர்கள் பாரிஸ் – போர்தோ – பாரிஸ் ஓட்டப் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினர். அக்காருக்கு ‘மின்னல்’ என்று பெயர். வேகத்துக்காக அல்ல, ஸ்டீரிங் கோளாற்றால் அது மின்னற்கோடுபோல் வளைந்து வளைந்து ஓடியதாம்! டயரும் ஸ்டீரிங்கும் ஒத்துப்போகாத கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

உண்மையான தொல்லை 1923இல் தொடங்கிற்று. அதுவரை டயர்களில் சதுர அங்குலத்துக்கு 50, 60 பவுண்டு அழுத்தத்தில் காற்று அடைப்பார்கள். பயணம் எலும்பை முறிக்கும். அவ்வாண்டு ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ‘பலூன்’ டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 30 பவுண்டு அளவே போதும், பயணம் மெத்தென்றிருக்கும். இதில் நமக்கும் பங்கு உண்டு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளின் வழிவந்த பால்மரங்களை, விடியுமுன் எழுந்து நம் பாட்டன் பாட்டிமார் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1922இல் தொடங்கிய ஸ்டீவன்சன் திட்டம் மலாயா, இலங்கை ரப்பரின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியதும், அதனை எதிர்த்த ஹார்வி ஃபயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் சொந்தத் தோட்டம் போடச் சென்றதும் தனிக்கதை.

மெத்தென்ற டயர் வந்ததும் கார்களின் முன்சக்கரங்கள் ஆடத் தொடங்கின. புத்தம் புதிய வண்டியிலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இரு முன்சக்கரங்களும் இடமும் வலமுமாய்ப் படபடக்கும். ஓட்டுநரின் கையை ஸ்டீரிங் உதறித்தள்ளும். அமெரிக்கர் இதற்கு ‘ஷிம்மி’ என்று பெயரிட்டனர். தோளைக் குலுக்கி ஆடும் அக்காலத்து நடனம் ஒன்றின் பெயர் அது. ஆட்டத்தின் காரணத்தைப் பம்பரத்தைக் கொண்டு விளக்கலாம். சுழலும் பம்பரத்தைச் சாய்க்க முயன்றால் அது நாம் தள்ளிய பக்கம் போகாமல் வேறு பக்கம் திரும்பும். சக்கரமும் அவ்வாறே. இரு சக்கரங்களையும் ஒரே அச்சு பிணைத்திருந்தபடியால், இடச்சக்கரம் மேட்டில் ஏறினால் இரண்டும் சாயும். சாய்ந்ததும் இரண்டும் திரும்பும். மெத்தென்ற டயர் துள்ளத் துள்ள, சாய்வும் திருப்பமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. 1925இல் ஜார்ஜ் புரூல்யே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதனை ஆராய்ந்து எழுதினார். டயர் தான் நோக்கிய திசையிலிருந்து சிறு கோணம் விலகியே ஓடுகிறது என்ற உண்மை அந்த ஆராய்ச்சியின் பெரும்பயன்.

பட்டறைகளில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மூட்டுகளை இறுக்கினார்கள், கோணங்களை மாற்றினார்கள். நோய் அச்சில் இருக்க, மருந்து வேறிடத்தில் தடவப்பட்டது எனலாம். ரோல்ஸ்-ராய்ஸில் பணியாற்றிவிட்டு 1930இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த மொரிஸ் ஆலி, பொதுவான முன் அச்சையே எடுத்துவிட வேண்டும் என்று நிலைநாட்டினார். 1934ஆம் ஆண்டு மாடல்களில் அந்நிறுவனக் கார்களின் முன்சக்கரங்கள் தனித்தனி ஸ்பிரிங்கில் தொங்கின. ஐரோப்பாவில் லான்சியா நிறுவனம் 1922இலேயே இதைச் செய்திருந்தது. பழைய ஷிம்மி பெரும்பாலும் அடங்கியது.

ஆனால் நடுக்கம் ஒழியவில்லை. வேறு உருவம் எடுத்தது. மிஷ்லின் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்கத் தொடங்கிய ரேடியல் டயர், எஃகுக் கம்பிப் பட்டை கொண்டது. உழைப்பிலும் பிடிப்பிலும் அது சிறந்தது. ஆனால் சுற்றளவில் ஓரிடம் சற்றே விறைப்பாக அமைந்துவிட்டால், அதனை ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டீரிங்குக்குச் சொல்லிவிடும். சுமார் 2 மீட்டர் சுற்றளவுள்ள டயர், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 14 முறை சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில், நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில், 30 கிராம் எடை கூடியிருந்தால், அந்த வேகத்தில் அது நாலரைக் கிலோ எடைபோல் சக்கரத்தை இழுக்கும். 50 கிலோமீட்டரில் அந்த இழுப்பு காற்பங்குதான். ஊருக்குள் ஓட்டிப் பார்த்து “ஒன்றும் இல்லையே” என்று சொல்லும் மெக்கானிக்கின் பேச்சு ஏன் செல்லாது என்பது இதனால் விளங்கும்.

“ஓட ஓடச் சரியாகும்” என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. மாதக்கணக்கில் துறைமுகத்திலும் கிடங்கிலும் அசையாமல் நின்ற வண்டியின் டயர் அடிப்பாகத்தில் தட்டையாகிப் போகும். அரைமணி நேரம் ஓடிச் சூடேறினால் இத்தட்டை பெரும்பாலும் நீங்கும். கப்பலேற்றும்போது கூடுதலாக அடைத்த காற்றை ஒப்படைக்குமுன் குறைக்க மறந்துவிடுவதும் உண்டு. அதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். சில நாள் ஓட்டியும் நடுக்கம் நீங்காவிட்டால், சக்கரத்தைச் சமன்செய்து பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் டயரையே உருளையால் அழுத்திச் சுழற்றிச் சோதிக்கும் கருவியில் ஏற்ற வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் முதலில் பார்க்கவேண்டியது பிரேக் தட்டு; டயர் அன்று.

முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது சக்கரம் தத்துவது வேறு வகை. முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன பிசகு இதுதான். இன்றைய டயர்கள் அகன்றவை, பக்கச்சுவர் குட்டையானவை. பழைய டயர் அந்தப் பிசகைத் தன் நெகிழ்ச்சியால் விழுங்கிவிடும்; புதியது தரையைப் பற்றிக்கொண்டு, தாங்காமல் விட்டு, மீண்டும் பற்றுகிறது. 2010களின் பிற்பகுதியில், வலப்பக்க ஸ்டீரிங் கொண்ட சில புதிய சொகுசு வண்டிகளில் இது பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பெருங்குறையாக எழுந்தது. சுமார் 7 பாகை செல்சியஸுக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் விறைத்துப்போவதால் குளிர்காலத்தில் அது மிகுந்தது. ஆபத்தில்லை, வண்டியின் இயல்பு என்று கூறப்பட்டது. வேறு வகை டயர் மாட்டியதும் பலருக்கு அது குறைந்தது. இயல்பு என்று சொல்லப்பட்டது டயரை மாற்றினால் குறையுமானால், அச்சொல்லின் எடை அவ்வளவுதான். நம் வெப்ப நாட்டில் இக்குளிர் இல்லை. வழவழப்பான சிமெண்டுத் தளத்தில் டயர் கிறீச்சிடுவதே பெரும்பாலும் நாம் கேட்பது. பலமான துள்ளல் இருந்தால் சக்கரக் கோணங்களை அளந்து, அளவுத்தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வாங்குவோரின் சொல்லுக்குச் சட்டம் வலுக்கொடுத்தது மிக அண்மையில்தான். பழுதுள்ள புதுக் காரை மாற்றித்தரச் செய்யும் சட்டத்தை அமெரிக்க மாநிலங்களுள் முதலில் இயற்றியது கனெக்டிகட், ஆண்டு 1982. மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரம் உடையதாய் இருக்கவேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று மெய்ப்பிக்கவேண்டியவர் விற்றவரே. ஆகவே முதல் நடுக்கம் தெரிந்த தேதி, அப்போது ஓடிய வேகம், மீட்டரில் இருந்த கிலோமீட்டர் ஆகிய மூன்றையும் பட்டறைச் சீட்டில் எழுதச் செய்து, அதன் ஒரு படியை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். “வாடிக்கையாளர் சத்தம் என்கிறார்” என்று மட்டும் எழுதிய சீட்டு நமக்கு உதவாது.