மம்மாலியா: ஒரு பெயரின் வரலாறு

1735இல் கார்ல் லின்னேயஸ் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' முதற்பதிப்பில் பாலூட்டி என்றொரு வகுப்பு இல்லை. குதிரை, பூனை, மனிதன் யாவும் 'குவாட்ருபீடியா', அதாவது நான்கு காலுடையவை. திமிங்கிலம் மீன்களோடு இருந்தது. இரு காலால் நடக்கும் மனிதனுக்கு அப்பெயர் பொருந்தாது என எதிர்ப்பும் எழுந்தது.

1758இன் பத்தாம் பதிப்பில்தான் 'மம்மாலியா' தோன்றியது. திமிங்கிலமும் அதனுள் வந்தது. லத்தீனில் 'மம்மா' என்றால் முலை. இத்தேர்வு வியப்புக்குரியது. உடல் மயிரும் நடுச்செவியின் மூன்று எலும்புகளும் இருபாலுக்கும் பொது; பால் சுரப்பதோ பெண்ணிடத்தில், அதுவும் சில காலமே. ஆண் குதிரைக்கு முலைக்காம்பே கிடையாது!

வரலாற்றாய்வாளர் லோண்டா ஷீபிங்கர் 1993இல் இதற்கொரு விளக்கம் தந்தார். மருத்துவருமான லின்னேயஸ், கூலிக்குப் பாலூட்டும் செவிலியரிடம் குழந்தையை விடும் வழக்கத்தைக் கண்டித்து 1752இல் ஆய்வுரை வெளியிட்டவர். தாய்ப்பால் குறித்த அன்றைய அரசியலே வகைப்பாட்டுக்குள் புகுந்தது என்பது ஷீபிங்கரின் வாதம். இது சூழ்நிலைச் சான்றே. எனினும் எளிதில் தள்ளத்தக்கதன்று. அதே பதிப்பில்தான் மனிதன் 'ஹோமோ சேப்பியன்ஸ்' ஆனான். விலங்கோடு இணைக்க முலை, விலங்கிலிருந்து பிரிக்க அறிவு.

தமிழகம் 'பாலூட்டி' என்கிறது. இலங்கைத் தமிழில் 'முலையூட்டி' வழங்குகிறது. முன்னதில் உறுப்பு மறைந்தது, பின்னதில் நின்றது. இரண்டிலும் 'ஊட்டு' என்னும் வினை உண்டு. லத்தீன் பெயரில் அவ்வினை இல்லை. ஆனால் ஊட்டாத ஆணும் தமிழில் ஊட்டியே.