சொந்தச் சேதக் கோரல் (கார் காப்பீடு, இந்தியா)

சொந்தச் சேதக் கோரல் என்பது, விபத்தில் தன் காருக்கு நேர்ந்த சேதத்தைச் சரிசெய்யும் செலவை உரிமையாளர் தன்னுடைய காப்பீட்டு நிறுவனத்திடமே கேட்டுப் பெறும் நடைமுறை. முகவர்களும் பணிமனைக்காரர்களும் இதை ‘ஓ.டி. கிளைம்’ என்பார்கள். பம்பர் உடைவது, கதவு நசுங்குவது, விளக்கு நொறுங்குவது போன்ற சிறு சேதங்கள் இதில் அடங்கும். பழுதுபார்த்த பில்லின் முழுத் தொகையும் கிடைப்பதில்லை. உதிரிபாகம் எந்தப் பொருளால் ஆனது, காருக்கு வயது என்ன, பாலிசியில் கட்டாயக் கழிவு எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்துக் கழித்தது போக மிஞ்சுவதே கைக்கு வரும். கோரிய பின் அடுத்த ஆண்டின் பிரீமியச் சலுகையும் போய்விடும். ஆகவே சிறு விபத்தில், எப்படிக் கோருவது என்பதற்கு முன்பே கோரலாமா வேண்டாமா என்ற கணக்கு வந்து நிற்கிறது.

சட்டமும் பாலிசி வகைகளும்

வண்டி வைத்திருப்பவர் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்தது. 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 146ஆம் பிரிவு அதை வலியுறுத்துகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காப்பீடு இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

மூன்றாம் நபர் பாலிசி, காரால் பிறருக்கு நேரும் காயம், மரணம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கானது. அதை மட்டும் வைத்திருப்பவருக்குத் தன் கார் நசுங்கினால் ஒரு காசும் கிடைக்காது. தன் காருக்கும் காப்பு வேண்டுமென்றால் இரண்டும் சேர்ந்த பாலிசி எடுக்க வேண்டும். இதுவே பேச்சுவழக்கில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’. அல்லது 2019 செப்டம்பர் முதல் விற்கப்படும் தனி ஓ.டி. பாலிசியை எடுக்கலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே விற்கப்படுகிறது. ஆனால் அதோடு வரும் சொந்தச் சேதக் காப்பு பெரும்பாலும் ஓராண்டோடு முடிந்துவிடும். ‘மூன்று வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்று இரண்டாம் ஆண்டில் பேசாமல் இருந்துவிடும் உரிமையாளர், பம்பர் உடைந்த அன்றுதான் உண்மையை அறிகிறார்.

விபத்து நடந்த இடத்தில்

காயம் ஏதும் இருந்தால் மருத்துவ உதவியே முதல் கடமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு இதை ஓட்டுநரின் சட்டப்பூர்வப் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. அதன் பிறகு, வண்டிகளை நகர்த்துமுன் படம் எடுப்பது நல்லது: இரு வண்டிகளும் நிற்கும் நிலை, எண் பலகைகள், சேதமான பகுதி, சுற்றுப்புறம். எதிர் வண்டியின் எண், ஓட்டுநரின் பெயர், அவர் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார்கள்.

நடுரோட்டில் நடக்கும் பேரம் இந்தியச் சாலைகளில் வழக்கமான காட்சி. ‘ஐயாயிரம் கொடுத்துவிடுங்கள், முடித்துக்கொள்ளலாம்’ என்று பேச்சு ஓடும். ஆனால் வழக்கமான மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளில், நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ, தருவதோ கூடாது என்று உள்ளது. எதிர்த்தரப்பிடம் ரொக்கம் வாங்கிக்கொண்டு அதே சேதத்துக்குக் காப்பீட்டிலும் கோருவது இரட்டை ஆதாயமாகிவிடும். தெருவில் முடித்துக்கொள்வதா, காப்பீட்டிடம் போவதா என்பதை அங்கேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

சேதமான காரை அப்படியே ஓட்டிச் செல்வதிலும் ஆபத்து உண்டு. வேகத்தடையில் அடிபட்டு ஆயில் சம்ப் விரிசல் விட்டால், அந்த அடி காப்பீட்டுக்கு உட்பட்டது. எண்ணெய் ஒழுக ஒழுக வீடுவரை ஓட்டி எஞ்சின் பிடித்துக்கொண்டால், அந்தப் பின்விளைவு உரிமையாளரின் தலையில் விழும். வண்டியை இழுத்துச் செல்லும் செலவுக்கு வழக்கமான பாலிசியில் 1,500 ரூபாய் வரை இடமுண்டு.

காவல் நிலையம் எப்போது

வீட்டு கேட்டில் உரசியதற்கோ, தூணில் இடித்ததற்கோ பொதுவாக எப்.ஐ.ஆர். தேவைப்படாது. பிறருக்குக் காயமோ பிறர் பொருளுக்குச் சேதமோ நேர்ந்தால் நிலைமை வேறு. அப்போது அருகிலுள்ள காவல் நிலையத்தில் இயன்றவரை விரைவாகவும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ளும் ஓட்டுநர் தெரிவிக்க வேண்டும் என்று 134ஆம் பிரிவு கூறுகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவிப்பதும் அதே பிரிவின் கீழ் வருகிறது. தமிழ்நாட்டில் புகார் கொடுத்தவுடன் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, எப்.ஐ.ஆர். பதிவாகுமுன் புகார் கொடுத்ததற்கான சான்று.

அறிவிப்பும் ஆய்வும்

நிறுவனத்தின் தொலைபேசி எண்ணிலோ செயலியிலோ தெரிவித்ததும் ஒரு கிளைம் எண் கிடைக்கும். அதோடு கோரல் படிவம், பாலிசி, ஆர்.சி., விபத்தின்போது ஓட்டியவரின் உரிமம், பணிமனை தரும் எஸ்டிமேட் ஆகியவை போக வேண்டும். நிறுவனம் பார்வையிடும் முன் பழுதுபார்ப்பைத் தொடங்கக் கூடாது என்பது இதில் அடிப்படை விதி. தாமதமாகத் தெரிவித்தது ஒன்றையே காரணமாக்கி உண்மையான கோரலை மறுக்கலாகாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011இல் சுற்றறிக்கை விட்டது. என்றாலும், நாள் கடந்தால் சேதத்தின் காரணத்தை நிறுவுவது கடினம்.

இழப்பை மதிப்பிடுபவர் சர்வேயர். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய இழப்பை உரிமம் பெற்ற சர்வேயரே மதிப்பிட வேண்டும். மோட்டார் காப்பீட்டில் அந்த வரம்பு 50,000 ரூபாய். அதற்குக் கீழ்ப்பட்ட சிறு சேதங்களை நிறுவனத்தின் ஊழியரே பார்க்கலாம். கைப்பேசிப் படங்களையும் காணொளியையும் வைத்தும் முடிப்பதுண்டு. சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் அறிக்கை 15 நாளில் வர வேண்டும், அது கிடைத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிமுறை.

சர்வேயர் தேடுவது பொருத்தத்தை. சொல்லப்பட்ட கதையும் அடிபட்ட இடமும் ஒத்துப்போக வேண்டும். பின்பக்கம் இடித்ததாகச் சொல்லும் காரின் முன்கதவில் துருவேறிய பழைய கீறல் இருந்தால், அது பட்டியலிலிருந்து நீங்கும். வெவ்வேறு நாளில் பட்ட அடிகள் வெவ்வேறு கோரல்கள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டாயக் கழிவு உண்டு. ஆண்டு முழுதும் சேர்ந்த கீறல்களை ஒரே விபத்தின் கணக்கில் எழுதும் ‘யோசனை’ இங்கேதான் உடைகிறது.

நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள பணிமனையில் ‘கேஷ்லெஸ்’ வசதி கிடைக்கும். நிறுவனத்தின் பங்கை அது நேரடியாகப் பணிமனைக்குச் செலுத்தும்; மீதியை உரிமையாளர் கட்டிக் காரை எடுத்துச் செல்வார். பெயர் கேஷ்லெஸ் என்றாலும் கையிலிருந்து பணம் போகாத கேஷ்லெஸ் அபூர்வம். வேறு பணிமனையில் செய்தால் முழுத் தொகையையும் முதலில் கட்டி, பில்களைக் கொடுத்துப் பின்னர் பெற வேண்டும்.

தொகை எப்படிக் குறைகிறது

2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த தேய்மான அளவுகளே இன்றும் பாலிசிகளில் பரவலாகக் காணப்படுகின்றன. 2007 ஜனவரி முதல் சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ள விடப்பட்ட பின்னும் இந்த அளவுகள் நிலைத்துவிட்டன.

ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக்: 50 சதவீதம் கழிவு.
ஃபைபர் கண்ணாடிப் பாகங்கள்: 30 சதவீதம்.
கண்ணாடி: கழிவு இல்லை.
உலோகம் உள்ளிட்ட பிற பாகங்கள், காரின் வயதுப்படி: ஆறு மாதம் வரை இல்லை, ஓராண்டு வரை 5, இரண்டாண்டு வரை 10, மூன்றாண்டு வரை 15, நான்காண்டு வரை 25, ஐந்தாண்டு வரை 35, பத்தாண்டு வரை 40, அதற்கு மேல் 50 சதவீதம்.
பெயின்ட்: பொருளின் விலையில் 50 சதவீதம். ஒரே பில்லாக இருந்தால் மொத்தத்தில் கால் பங்கு பொருளின் விலையாகக் கொள்ளப்படும்.

டிங்கரிங் போன்ற வேலைக்கூலிக்குத் தேய்மானம் கிடையாது. எல்லாம் கழித்த பிறகு கட்டாயக் கழிவு வரும்: 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். பிரீமியத்தைக் குறைக்க உரிமையாளர் தானாக ஏற்ற கூடுதல் கழிவு இருந்தால் அதுவும் சேரும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். மூன்றரை வயதான 1,200 சி.சி. கார். பிளாஸ்டிக் பம்பர் 6,000 ரூபாய், உலோக ஃபெண்டர் 4,000, கூலி 2,500, பெயின்டிங் 8,000. மொத்தம் 20,500 ரூபாய். பம்பரில் 3,000, ஃபெண்டரில் 1,000, பெயின்டில் 1,000 எனத் தேய்மானம் 5,000. கட்டாயக் கழிவு 1,000. நிறுவனம் தருவது 14,500. உரிமையாளர் கட்டுவது 6,000.

இந்தத் தேய்மானத்தைத் தவிர்க்க விற்கப்படும் கூடுதல் காப்பு ‘ஜீரோ டெப்’. விற்பனைக் கூடங்களில் ‘பம்பர் டு பம்பர்’. இது இருந்தாலும் கட்டாயக் கழிவு நீங்காது. ஆண்டுக்கு இத்தனை கோரல்தான் என்ற வரம்பும் பல பாலிசிகளில் உண்டு. இதே சொல்லைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் வேறு பொருளில் ஆண்டது. ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோரையும் உள்ளடக்கும் ஐந்தாண்டு ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு புதிய வண்டிகளுக்குக் கட்டாயம் என்ற அந்த உத்தரவு அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது.

நோ கிளைம் போனஸ்: கோரலின் மறைமுக விலை

கோரல் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறுகிறது: 20, 25, 35, 45, 50 சதவீதம். ஒரே ஒரு கோரல், எவ்வளவு சிறியதானாலும், அதைச் சுழியமாக்கும். போனஸைக் காக்கும் கூடுதல் காப்பு வாங்கியவர்களுக்கு மட்டும் விலக்கு. மூன்றாம் நபர் பிரீமியத்துக்கும் இந்தத் தள்ளுபடிக்கும் தொடர்பில்லை.

மேற்சொன்ன கார்க்காரர் இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறார் என்று கொள்வோம். கோராவிட்டால் அடுத்த ஆண்டுகளில் 45, பிறகு 50 என்று நிலைக்கும். கோரினால் 0, 20, 25, 35, 45, 50 என்று மறுபடி படியேற வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆண்டுவாரியாக 45, 30, 25, 15, 5. கூட்டினால் 120 சதவீதம். தள்ளுபடிக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 8,000 ரூபாய் என்றால், ஐந்தாண்டில் இழப்பது 9,600 ரூபாய். காரின் மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் இறங்குவதால் இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். வரி அதைச் சற்றுக் கூட்டும். 14,500 ரூபாய் கிடைக்கும் கோரல் ஆகவே பயனுள்ளது. அதே காரில் ஒரு கதவுக்கு மட்டும் பெயின்ட் அடித்து 4,000 ரூபாய் வாங்கினால், வாங்கியதைப் போல் இரு மடங்குக்கு மேல் பின்னால் கொடுக்க நேரிடும்.

இந்தப் போனஸ் காருக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. காரை விற்றாலும் உரிமையாளர் அதைத் தன் அடுத்த காருக்கு எடுத்துச் செல்லலாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது அழியும்.

மறுக்கப்படும் சூழல்கள்

செல்லத்தக்க உரிமம் இல்லாதவர் ஓட்டியது, மது அருந்தி ஓட்டியது, சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டியது ஆகியவை முக்கியக் காரணங்கள். இயல்பான தேய்வு, இயந்திரக் கோளாறு, பின்விளைவுச் சேதம் ஆகியவை காப்பீட்டுக்குள் வராதவை. உரிமம் இல்லாத மகன் ஓட்டியதைத் தந்தை ஓட்டியதாக எழுதுவது போன்ற பெயர் மாற்றங்கள், தெரிய வரும்போது கோரலையே கவிழ்த்துவிடும்.

பழைய கார் வாங்கியவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. ஆர்.சி. மாறும்போது மூன்றாம் நபர் காப்பு தானாகப் புதிய உரிமையாளரைத் தொடரும். சொந்தச் சேதக் காப்பு தொடராது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எதிர் வண்டியின் மேல் தவறு இருந்தால்

அப்போதும் உரிமையாளர் தன் பாலிசியிலேயே கோரலாம். அல்லது எதிர் வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டின் மீது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166ஆம் பிரிவின் கீழ் மனுப் போடலாம். மனுவுக்குக் காலவரம்பு விபத்திலிருந்து ஆறு மாதம். தனியார் கார்களின் பாலிசியில் பிறர் பொருட்சேதத்துக்கான வழக்கமான உச்சவரம்பு 7.5 லட்சம் ரூபாய். பிரீமியத்தில் சிறு சலுகைக்காக அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்ளவும் வழியுண்டு. ஒரு பம்பருக்காகத் தீர்ப்பாயத்தின் படியேறுவோர் குறைவு; போனஸ் போனாலும் போகட்டும் என்று தன் பாலிசியையே நாடுவது வழக்கம்.

முறையீடு

தொகை குறைந்தாலோ கோரல் மறுக்கப்பட்டாலோ, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். 2017ஆம் ஆண்டு விதிகளின் கீழ் இயங்கும் இந்த அமைப்பில் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 30 லட்சமாக இருந்த இழப்பீட்டு வரம்பு 2023இல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டுக்கான ஆம்புட்ஸ்மன் அலுவலகம் சென்னையில் உள்ளது. ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் புகார் பதியலாம். நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எங்கே போனாலும் முதலில் புரட்டிப் பார்க்கப்படுவது சர்வேயரின் அறிக்கையே. எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கழிக்கப்பட்டது என்ற வரிக்கு வரி விவரம் அதில் இருப்பதால், முறையீட்டுக்கு முன் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.