ஆய்வக விலங்குகளில் ஈஸ்ட்ரோஜனும் மார்பகக் கட்டிகளும்

ஈஸ்ட்ரோஜன் என்பது பெரும்பாலும் சூலகத்தில் சுரக்கும் பெண்பால் இயக்குநீர்களின் (ஹார்மோன்களின்) தொகுதியாகும். பால்சுரப்பியை வளரச் செய்யும் இது, சுண்டெலி, எலி ஆகிய ஆய்வக விலங்குகளில் மார்பகக் கட்டிகள் தோன்றவும் பெருகவும் துணைபுரிகிறது. இத்தொடர்பை அறிய மேற்கொண்ட ஆய்வுகள் மார்பகப் புற்றுநோய் மருத்துவத்திற்கு அடிப்படையாயின.

வரலாறு

1896-இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றியபின் சில பெண்களின் மார்பகப் புற்றுநோய் சுருங்கியதை வெளியிட்டார். 1916-இல் லாத்ரோப், லோப் ஆகியோர், இளமையில் சூலகம் அகற்றப்பட்ட சுண்டெலிகளில் இந்நோய் குறைவதைக் கண்டனர். 1932-இல் பாரிசில் லக்கசாஞ், ஈஸ்ட்ரோன் செலுத்தி ஆண் சுண்டெலிகளிலும் மார்பகப் புற்றுநோயை உண்டாக்கினார். 1936-இல் பிட்னர், தாய்ப்பால் வழியே பரவும் ஒரு காரணியைக் கண்டறிந்தார். அது நச்சுயிரி (வைரஸ்) எனப் பின்னர் உறுதியானது.

செயல்படும் விதம்

ஈஸ்ட்ரோஜன் உயிரணுவிலுள்ள தன் ஏற்பியுடன் இணைந்து உயிரணுப் பிரிவைத் தூண்டுகிறது. பிரிவு மிகும்போது மரபணுப் பிழைகள் நிலைத்துவிடும் வாய்ப்பும் மிகுகிறது. எலிகளில் இது புரோலாக்டின் சுரப்பையும் கூட்டுவதால் கட்டிகள் மேலும் வளர்கின்றன.

எலிகளில் சோதனை

1961-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் குழுவினர், டி.எம்.பி.ஏ. என்னும் வேதிப்பொருளை ஒரே ஒரு முறை ஊட்டி, பெண் எலிகளில் மார்பகக் கட்டிகளை உண்டாக்கும் முறையை வெளியிட்டனர். இவ்வெலிகளின் சூலகங்களை அகற்றினால் பெரும்பாலான கட்டிகள் சுருங்குகின்றன. எனினும் மிகையளவு ஈஸ்ட்ரோஜன் இக்கட்டிகளை ஒடுக்கவும் கூடும். ஆகவே இதன் விளைவு அளவைப் பொறுத்தது. 1976-இல் கிரெய்க் ஜோர்டான், ஏற்பியைத் தடுக்கும் தமாக்சிபென் மருந்து இவ்வெலிகளில் கட்டி தோன்றுவதைத் தடுப்பதாகக் காட்டினார்.

இந்தியாவில்

மும்பையிலுள்ள இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தில் கமல் ரணதிவே (1917–2001), சுண்டெலிகளின் மார்பகப் புற்றுநோயில் பரம்பரை, இயக்குநீர், நச்சுயிரி ஆகியவற்றின் பங்கை ஆராய்ந்தார். 2000-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், டி.எம்.பி.ஏ. ஊட்டிய எலிகளுக்குத் தமாக்சிபெனை உயிர்ச்சத்துக்களுடன் கொடுத்து ஆராய்ந்தனர். சித்த மருத்துவத்தில் பயன்படும் சேங்கொட்டையின் விளைவும் அங்கு ஆராயப்பட்டது.

வரம்புகள்

விலங்கு ஆய்வின் முடிவுகள் மனிதருக்கு அப்படியே பொருந்துவதில்லை. சுண்டெலிகளின் கட்டிகள் பலவற்றிற்கு நச்சுயிரியே காரணம். எலிகளில் டி.எம்.பி.ஏ. உண்டாக்கும் கட்டிகள் பிற உறுப்புகளுக்கு அரிதாகவே பரவுகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து உட்கொண்டோருக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடியது 2002-இல் தெரியவந்தது. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்டோரிடம் அவ்வாறு கூடவில்லை என 2004-இல் அறிவிக்கப்பட்டது.