டேட்டாசெட்டின் திருகு

1982-இல் வெளிவந்த கொமடோர் 64 கணினிக்கு டிஸ்க் டிரைவும் உண்டு. ஆனால் விலை கட்டுப்படியாகாத ஐரோப்பிய வீடுகளுக்கு டேட்டாசெட் என்ற கேசட் பெட்டியே கதி. ஒரே தரவை இருமுறை பதிந்ததால் ஆமை வேகம்தான், ஆனால் பிழை பிடிபட்டது. இன்று திறந்தால் ரப்பர் பெல்ட் தொய்ந்தோ, கருங்கூழாகப் பிசுபிசுத்தோ கிடக்கும். துடைத்துப் புதிது மாட்டுவது எளிது. நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைத் திருத்தும் சின்னத் திருகுதான் வில்லங்கம். நாடாக்கள்தான் கோப்புகளாகி எமுலேட்டரில் ஓடுகின்றனவே, பழைய பெட்டி எதற்கு என்பார்கள். கடையில் விற்ற விளையாட்டுகளுக்கு அது சரி. வீட்டுப் பிள்ளைகள் தாமே எழுதிப் பதிந்த நிரல்களுக்குப் பெரும்பாலும் வேறு பிரதியே கிடையாது. ஹெட்டின் கோணம் பிசகிய பெட்டியில் பதிந்த நாடாவை, கச்சிதமாகச் சீரமைத்த பெட்டி படிக்காமலும் போகலாம். அப்போது திருகை அந்தப் பழைய பிசகுக்கே திருப்பியாக வேண்டும்.